மீனவர் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதா?

பரீட்சை முடிவு வந்தால் போதும், பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளிகளைப் பற்றி ஒரே பல்லவி கிளம்பிவிடுகிறது. “குப்பத்துப் பிள்ளைகள், இருளர் பிள்ளைகள், இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?” என்கிறார்கள். மெத்தப் படித்த கனவான்கள் இதையே நாசூக்காக, “மாணவர்களின் சமூகப் பின்னணி அப்படி” என்கிறார்கள். வார்த்தை வேறு, விஷம் ஒன்றுதான். கூண்டில் நிற்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிற வித்தை இது!

பின்னணி என்றால் என்ன? அதைத்தான் பார்ப்போமே.

ஆண்டுதோறும் சர்க்கார் ஒவ்வொரு பள்ளியிலும் கணக்கு எடுக்கிறது. ஆதிதிராவிடர் எத்தனை, பழங்குடியினர் எத்தனை, பிற்பட்டோர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் கட்டி எழுதுகிறார்கள். எழுதட்டும், அது வேண்டிய கணக்குத்தான். யார் பின்தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டும். ஆனால், ஏன் என்பதை அது சொல்லாது. தகப்பனுக்கு மாதத்தில் எத்தனை நாள் வலை இறக்கப் ‘பாடு’ கிடைக்கிறது, தாய் எத்தனை மணிக்கு மீன் கூடையோடு கிளம்புகிறாள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் எத்தனை நாள் வீட்டில் நின்றாள் — இதற்கெல்லாம் அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது. சாதியை எழுதிவிட்டுக் காரணத்தை எழுதாத ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சாதியே காரணம் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்!

ஏரியின் கதை

இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் கடல்நீர் உள்ளே வருவது குறைகிறது. மீனும் இறாலும் குறைகின்றன. தெற்கே எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் வந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் அதானி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 330 ஏக்கரில் உள்ள அதை 6,110 ஏக்கராகப் பெருக்கத் திட்டம் போட்டார்கள். மீனவ ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். வலை காலியாக வந்தால் முதலில் வெட்டப்படுவது பிள்ளையின் படிப்புச் செலவுதான். இந்தச் சேதத்தை எந்தக் கம்பெனி தன் லாப நஷ்டக் கணக்கில் எழுதுகிறது?

இருளர் குடும்பங்களின் நிலையோ இன்னும் கொடிது. ஆழமில்லாத தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இவர்கள். அதுவும் இல்லாதபோது, முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போக வேண்டியிருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர்களைக் கொத்தடிமைத் தளையிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. பெயர் பள்ளிப் பதிவேட்டில், பிள்ளை சூளையில்! இந்தப் பிள்ளை கணக்கில் தவறியதா, அல்லது சர்க்காரின் கணக்கிலிருந்தே தவறியதா?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். விஞ்ஞானமும் கணிதமும், சமூகப் பாடம், மொழிப்பாடம் — இவற்றுக்குத் தலைக்கு ஒருவராவது வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரப் பாடம் நடக்க வேண்டும். பக்கத்தில் பள்ளி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ விடுதியோ தர வேண்டும் என்று 2010-ன் மாதிரி விதிகள் கூறுகின்றன.

ஏரியின் ஒரு கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவன் கடலுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வருகிறது, அவன் கட்டுப்படுகிறான். அந்த மீனவனின் பிள்ளைக்கு விஞ்ஞான ஆசிரியர் தர வேண்டும் என்று சட்டம் உத்தரவிடுகிறதே, அதற்குச் சர்க்கார் கட்டுப்பட்டதா? இதை முதலில் கேளுங்கள், பிறகு மார்க்கைப் பற்றிப் பேசலாம்!

பழைய சரக்கு, புதிய மூட்டை

1953-ல் ராஜாஜி மந்திரிசபை அரைநாள் பள்ளி, மீதி நேரம் குலத்தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி மீனவன் மகன் வலையோடுதான் நிற்க வேண்டும். தமிழகமே கொதித்தெழுந்தது, 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டார். இன்று? 5, 8 வகுப்புகளில் பிள்ளைகளைத் தேறவில்லை என்று நிறுத்திவைக்க 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் அதற்கு விதியும் வகுத்தது. ஆசிரியர் தராத பள்ளியில் பிள்ளையைத் தவறவைத்தால், அந்தப் பிள்ளை எங்கே போகும்? படகுக்கும் சூளைக்கும்தான் போகும். குலக்கல்வி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!

பணம் இல்லையாம். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரிக் கமிஷன் 1966-ல் சொன்னது. இன்றுவரை எட்டவில்லை. புதிய கல்விக் கொள்கையின் கீழ் வரும் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25-ல் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்திவைத்தது. இது பிள்ளைகளின் பணம் அல்லவா?

ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்பது அப்பட்டமான பொய். 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு — வயிற்றுக்குச் சோறு வந்தபோதெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். 1961-ல் கியூபாவில் ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு ஒரே ஆண்டில் எழுத்தறிவித்தார்கள். குடியானவனுக்கு மூளை உண்டா என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை; ஆசிரியர்களை அவன் குடிசைக்கே அனுப்பினார்கள்!

ஆகவே நாம் கோருவது இது: ஒவ்வொரு ஏரிக்கரை நடுநிலைப் பள்ளியிலும் சட்டப்படியான ஆசிரியர்களைப் போடு! தூரத்துக் குப்பங்களுக்கு இலவசப் போக்குவரத்தும், வேலை தேடி இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் கொடு! இருளர் பிள்ளைகளை அலையவிடாமல், கோட்டாட்சியர் பள்ளிக்கே வந்து சாதிச் சான்றிதழ் வழங்கட்டும்! மாணவர் குறைவு என்று சொல்லி எந்தக் குப்பத்துப் பள்ளியையும் மூடாதே!

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். மீன் கூடை சுமக்கும் தாய்மார்களே, அந்த நாற்காலி உங்களுடையது. போய் உட்காருங்கள்! ஆசிரியர் எத்தனை பேர், பாடம் நடந்த நாள் எத்தனை என்று எண்ணுங்கள். குறைவதை எழுதி, ஊரே கையெழுத்திட்டு, பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் ஊர்வலமாகக் கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற சர்க்காருக்கு ஜனங்கள் மார்க் போடட்டும்!