துப்பாக்கியைக் கீழே வைத்தவனுக்குச் சபைக் கதவைத் திறவுங்கள்!

"ஆயுதம் ஏந்தியவனுக்குச் சட்டமியற்றும் சபையில் என்ன வேலை?" என்று கேட்கின்றனர் சிலர். கொழும்பிலிருந்து இக்கேள்வி எழுவது புதிதன்று. நமது பருத்தித்துறை நீதிமன்ற முன்றிலிலேயே கற்றறிந்த பெரியோர் சிலர் இதனைக் கேட்கும்போதுதான் நமக்கு வியப்பும் வேதனையும் உண்டாகின்றன. போர்க்களத்தில் நின்றவன் பொதுவாழ்வுக்கு ஆகான் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு சட்டத்துக்கும் ஒவ்வாது, வரலாற்றுக்கும் ஒவ்வாது.

படைவீரனாயினும் போராளியாயினும், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு மக்கள் முன் கைகூப்பி வாக்குக் கேட்பானாயின், அவன் மக்களின் தீர்ப்புக்குத் தலைவணங்கியவன் ஆகின்றான். அவனை ஏற்பதும் தள்ளுவதும் வாக்காளன் உரிமை. இந்த நெறியைத் தமிழ் மக்கள் எவருக்கும் மறுத்ததில்லை. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் தொகை குறைவெனினும், அளிக்கப்பட்ட வாக்குகளிற் பெரும்பகுதி அவருக்கே விழுந்தது. புண் ஆறாத மக்கள் போட்ட வாக்கு அது! அவர்கள் அளந்து பார்த்தது வந்தவர் முன்னர் அணிந்த சீருடையை அன்று. அந்நேரத்தில் தமக்கு முன்னிருந்த வழிகளையே. இம்மக்களுக்கா ஜனநாயகம் கற்பிக்க வருகின்றனர்?

நாம் எதிர்ப்பது வேறொன்றை. யாழ்ப்பாணத்திற் படைத்தளபதியாயிருந்த மேஜர் ஜெனரல் ஜீ. ஏ. சந்திரசிறி 2009ஆம் ஆண்டு ஜூலையில் வடமாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். எந்த ஊரிலும் அவர் வாக்குக் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 21இல் மக்கள் வாக்களித்து, 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு அளித்த பின்னரும், 2015 ஜனவரி வரை அவரே அப்பீடத்தில் வீற்றிருந்தார். வாக்குப் பெறாத தளபதி மேலே. வாக்குப் பெற்ற பிரதிநிதிகள் கீழே! ஆயுதம் ஏந்தியவனுக்கு ஆட்சியில் இடமில்லை என்போர் அன்று எங்கே போயிருந்தனர்?

வாக்கு வழி வந்த வீரன் ஒருவன் கதையை இங்கே சொல்லவேண்டும். நம் நாட்டின் விதியை எழுதிய 1987ஆம் ஆண்டு ஜூலை 29 உடன்படிக்கையில் ஒப்பமிட்ட ராஜீவ் காந்தியின் அரசாங்கம், அதற்கு ஏறக்குறைய ஓராண்டின் முன், 1986ஆம் ஆண்டு ஜூன் 30இல், வேறொரு சிறு மக்களினத்தோடும் உடன்படிக்கை செய்தது. இந்தியாவின் வடகிழக்கு எல்லையிலுள்ள மிசோ மக்களே அவர்கள். அவர்தம் தலைவர் லால்தெங்கா இந்திய இராணுவத்தில் ஹவில்தாராகப் பணியாற்றியவர். பின்னர் மாவட்ட சபை அலுவலகத்திற் சாதாரண உத்தியோகம் பார்த்தவர். 1959ஆம் ஆண்டளவில் அம்மலைகளில் மூங்கில் பூத்தது, எலிகள் பெருகின, விளைச்சல் அழிந்தது, பஞ்சம் சூழ்ந்தது. அரசாங்கத்தின் கை எட்டாத கிராமங்களுக்கு அரிசி சுமந்து செல்ல இளைஞரைத் திரட்டியது மிசோ தேசியப் பஞ்ச நிவாரண முன்னணி. அதனை முன்னின்று நடத்தியவர் லால்தெங்கா. 1961ஆம் ஆண்டு அம்முன்னணி தன் பெயரிலிருந்த பஞ்சத்தை நீக்கி, மிசோ தேசிய முன்னணியாயிற்று. பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோன சங்கம் அரசியற் கட்சியாக வளர்ந்த விதம் இது.

1966ஆம் ஆண்டு மார்ச்சில் அம்முன்னணி சுதந்திரப் பிரகடனஞ் செய்து ஆயுதம் எடுத்தது. அதே மாதத்தில் இந்திய விமானப்படை ஐஸ்வால் நகர்மீது குண்டு வீசியது. கிராமங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டு, இராணுவக் காவலின்கீழ்க் கூட்டம் கூட்டமாகக் குடியேற்றப்பட்டன. இருபது ஆண்டு இரத்தம் சிந்திய பின்னரே ஒப்பந்தம் வந்தது. வந்தபோது நடந்ததென்ன? மக்களால் தெரிவுசெய்யப்பட்டு முதலமைச்சராயிருந்த லால் தன்ஹாவ்லா, சமாதானத்தின் பொருட்டுத் தம் நாற்காலியை லால்தெங்காவுக்கு விட்டுக்கொடுத்துத் துணை முதலமைச்சரானார். 1987ஆம் ஆண்டு பெப்ரவரியில் மிசோராம் தனி மாநிலமாயிற்று. அம்மாதமே நடந்த தேர்தலில் லால்தெங்காவின் அணியினர் 40 இடங்களில் 24ஐ வென்றனர். காட்டிலிருந்து வந்தவர் சட்டசபையின் வாயிலால் உள்ளே நுழைந்தார்.

அச்சபைக்கு அதிகாரமும் இருந்தது. மிசோ மக்களின் சமய, சமூக வழக்கங்கள், வழமைச் சட்டம், காணியின் உடைமையும் கைமாற்றமும் ஆகியவற்றைப்பற்றி டில்லிப் பாராளுமன்றம் இயற்றும் சட்டம், மிசோராம் சட்டசபை தீர்மானித்தாலன்றி அங்கே செல்லாது என்று இந்திய அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. வழக்கறிஞர் என்ற முறையில் இவ்வொரு வாசகத்தை நாம் பலமுறை படித்துப் பெருமூச்சு விட்டிருக்கின்றோம்.

மிசோராமில் எல்லாம் தேனும் பாலுமாய் ஓடிற்று என்று நாம் கூறவில்லை. 1988ஆம் ஆண்டிலேயே கட்சித் தாவலால் லால்தெங்காவின் மந்திரிசபை கவிழ்ந்தது. ஜனாதிபதி ஆட்சி வந்தது. 1989 ஜனவரித் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால், அன்பர்களே, தோற்றவர் மீண்டும் காட்டுக்குப் போகவில்லை. அடுத்த தேர்தல் வருமென்ற நம்பிக்கை அம்மக்களுக்கு இருந்தது. 1990இல் லால்தெங்கா மறைந்தார். அவரோடு காட்டிலிருந்த சோரம்தாங்கா 1998இல் வாக்குப் பெற்று முதலமைச்சரானார், 2008இல் தோற்றார், 2018இல் மீண்டும் வென்றார், 2023இல் மீண்டும் தோற்றார். தோல்விக்குப் பின்னும் இன்னொரு தேர்தல் உண்டு என்னும் உறுதிதான் துப்பாக்கியை மண்ணுக்குள் வைத்திருக்கின்றது.

நமக்குக் கிடைத்ததோ பதின்மூன்றாந் திருத்தம். அதன்படி ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பார். மாகாண அமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் நடக்கவேண்டும் என்று ஒரு கையால் எழுதி, எது தம் தற்றுணிபுக்குரியது என்பதை ஆளுநரே தீர்மானிப்பார், அதனை எந்த நீதிமன்றத்திலும் கேட்கலாகாது என்று மறு கையால் அழித்தனர். காணிக் கொள்கையை வகுக்கவேண்டிய தேசியக் காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 26இல், வடக்கு மக்கள் வாக்களித்து ஐந்தே நாளில், அரச காணி மீது மாகாணசபைக்கு அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. மிசோவின் வழமைச் சட்டத்துக்கு டில்லியில் வேலி உண்டு. 1806ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதியாக ஏற்கப்பட்ட நமது தேசவழமைக்குக் கொழும்பில் அத்தகைய வேலி உண்டா?

இக்குறைகளோடும் அச்சபை ஒரு வாயிலாக இருந்தது. நமது அயலூராகிய வல்வெட்டித்துறையின் எம். கே. சிவாஜிலிங்கம் தமிழீழ விடுதலை இயக்கத்தின் வழி வந்தவர். 2001 முதல் 2010 வரை பாராளுமன்றத்தில் இருந்தவர். 2013இல் வடமாகாணசபைக்குத் தெரிவானார். இனப்படுகொலை குறித்த தீர்மானத்தை விடாப்பிடியாகச் சபையின் முன் வைத்தவர் அவர். முதலமைச்சர் விக்னேஸ்வரன் முன்மொழிய, 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 10இல் அத்தகைய தீர்மானம் சபையில் ஏகமனதாக நிறைவேறிற்று. அவர் கருத்துகள் யாவும் நமக்கு உடன்பாடா என்பது இங்கு கேள்வியன்று. இயக்க வழி வந்த ஒருவர் தம் மக்களின் துயரைத் தீர்மானமாக எழுதி, சபையிலே வைத்து, வாக்குக் கேட்டார். இதைவிட ஜனநாயக வழி எது?

நம்மவர் குற்றத்தையும் நாம் மறைக்கமாட்டோம். கிடைத்த ஐந்தாண்டில் இயற்றக்கூடிய நியதிச்சட்டங்கள் எத்தனையோ இருக்க, 2017ஆம் ஆண்டு ஜூனில் நம் பிரதிநிதிகள் தம் முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தூக்கிக்கொண்டு ஆளுநர் வாசலுக்குப் போனார்கள். எந்த ஆளுநரின் அதிகாரத்தை எதிர்த்துப் பேசினோமோ, அவரிடமே வழக்குரைத்தோம்! இதற்கான தண்டனையை வாக்காளர் வழங்கியிருக்கவேண்டும். அந்த வாய்ப்பையும் பறித்தது அரசாங்கம்.

பறித்த விதத்தைக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில், பெண் பிரதிநிதித்துவத்தை உறுதிசெய்வதற்கென்று ஒரு சட்டமூலம் வந்தது. குழுநிலையில் அதற்குள் புதிய தேர்தல் முறையையே நுழைத்து நிறைவேற்றினர். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018ஆம் ஆண்டு ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. பழைய முறையை நீக்கியாயிற்று. புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த இடுக்கிலே 2018 ஒக்டோபரில் வடமாகாணசபையின் ஆயுள் முடிந்தது. ஜனாதிபதிகள் மாறினர், பாராளுமன்றங்கள் மாறின, 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாணசபைத் தேர்தல் மட்டும் அதுவரை நடக்கவேயில்லை. சபை இல்லாத மாகாணத்தில் ஆளுநரே சபை, ஆளுநரே மந்திரி!

"அது வெள்ளை யானை, எதற்குத் தேர்தல்?" என்பர் சிலர். தீவனமும் போடாமல், சங்கிலியும் அவிழ்க்காமல், யானை உழவில்லை என்று குறை கூறுவது எந்த நியாயம்? "உள்ளூராட்சி மன்றம் போதாதா?" என்பர் வேறு சிலர். நகரசபை தெருவிளக்குப் போடலாம். கூட்டுறவுக்கும் கல்விக்கும் விவசாயத்துக்கும் நியதிச்சட்டம் இயற்ற அதற்கு அதிகாரமில்லை. "பதின்மூன்று நமக்குப் போதாது, ஆகவே வேண்டாம்" என்பர் நம்மிலும் சிலர். போதாது என்பது உண்மை. போதாது என்று உரத்துச் சொல்வதற்கே தெரிவான குரல் வேண்டுமன்றோ?

போருக்குப் பின் ஏறக்குறைய 12,000 போராளிகளைப் புனர்வாழ்வளித்து விடுவித்தோம் என்று அரசாங்கம் உலகெங்கும் பெருமை பேசிற்று. அவர்களுட் பலர் நம் வடமராட்சிக் கரையிலே கடற்றொழிலாளர் சங்கங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஊருக்கு உழைக்கின்றனர். "ஜனநாயக வழிக்கு வா" என்று அவர்களை அழைத்த அரசாங்கத்தை நாம் கேட்கின்றோம்: வந்துவிட்டார்கள், நீர் காட்டிய வாசல் எங்கே?

நாம் கோருவது மூன்று. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் முடிச்சைச் சாதாரணப் பெரும்பான்மையால் அவிழ்த்து, பழைய முறைப்படியேனும் தேர்தலை நடத்துக. ஆளுநர் பதவிக்குப் படைத்தளபதிகளை நியமிக்கும் வழக்கத்துக்கு என்றென்றைக்கும் முற்றுப்புள்ளி வைக்குக. காணி அதிகாரத்தை எழுதியபடி கையளிக்குக.

தமிழ் மக்களே! நமது கட்சிகளிடமும் கேளுங்கள். அடுத்த வேட்பாளர் பட்டியலில், ஊருக்குச் சோறு சுமந்த கை உண்டா, சங்கம் வளர்த்த தோள் உண்டா என்று கேளுங்கள். அவன் நேற்று எதை ஏந்தினான் என்பதற்கு அவனே உங்கள் முன் விடை சொல்லட்டும். தீர்ப்பு உங்களுடையது. அத்தீர்ப்பை வழங்கும் நாளை வாங்காமல் ஓயமாட்டோம்!