சிரிப்பு அவரவர் விருப்பம், பட்டப்பெயர் அப்படியல்ல

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு ஏறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற நம் பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியபடியே போவார்கள். மலை ஏறும்போது தூக்கம் கலைந்துவிடும். அப்போது ஓட்டுநரின் செல்போனில் பழைய படக் காமெடி ஓடும். எத்தனை பேரை ஏற்றியிருக்கிறது, வளைவில் எதிரே என்ன வருகிறது என்ற பயத்தை மறக்க அது ஒரு மருந்து.

போன கோடை விடுமுறையில் அப்படி ஒரு ஜீப்பில் சண்டை வந்தது. ஓட்டுநர் போட்டது கவுண்டமணி, செந்தில் காமெடி. முன் சீட்டில் இருந்த பெரியம்மா, "நாகேசு படம் ஏதாச்சும் போடுய்யா, இதென்ன எந்நேரமும் அடிதடி" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், அம்மாவோடு காய் எடுக்க வந்தவள், "சித்தப்பா, அத நிப்பாட்டுங்க" என்றாள்.

"ஏந்தாயி, சிரிக்கிறதுக்குக் கூடவா கணக்குப் பாக்கணும்?"

"ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு சித்தப்பா. எங்க காலேஜுல இதுல வர்ற வார்த்தைய வச்சுத்தான் என்னையக் கூப்புடுறாங்க."

ஜீப்புக்குள் யாரும் அதற்குமேல் பேசவில்லை. ஓட்டுநர் செல்போனை அணைத்து டேஷ்போர்டில் வைத்தார். அந்த ஓட்டுநர் எங்கள் தெருக்காரர், எங்களோடு படித்தவர். அவர் கதைக்குப் பிறகு வருகிறோம்.

ஒரே தெரு, ஒரே வேலை, ஒரே கூலி. ஆனால் சிரிப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் தாத்தா தலைமுறைக்குக் கலைவாணர். அடுத்தவர்களுக்குச் சந்திரபாபுவும் நாகேசும். எங்களுக்குக் கவுண்டமணி, செந்தில். எங்கள் பிள்ளைகளுக்கு வடிவேலு. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா முகம் வெளிறிப்போகும் காட்சிக்கு இன்றும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறவர்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு. இரண்டு பேரும் சரிதான். சிரிப்பு ஒருவரிடம் கேட்டு வருவதில்லை.

ஆனால் நம் மக்களுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த வாரம் இந்த இடத்தை எடுத்துக்கொள்கிறோம்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒன்றைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான். கோயிலுக்குள் நம்மை விடவில்லை. கூத்து நடக்கும் திடலில் நமக்குத் தனி ஓரம். சங்கீத சபை பக்கம் நம் நிழலும் போனதில்லை. கொட்டகையில்தான் காசு கொடுத்தவனுக்கு இடம் கிடைத்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களில் நாமும் இருந்தோம், ஊர்த் தெருக்காரர்களும் இருந்தார்கள். வெளியே டீக்கடையில் தனிக் குவளை இருந்த காலத்திலும், உள்ளே சிரிப்பு ஒன்றாகவே எழுந்தது. நம் பெரியவர்கள் சினிமாவை இவ்வளவு நேசித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேர்ந்து சிரித்தோம், சரி. எதைப் பார்த்துச் சிரித்தோம்?

கலைவாணரிலிருந்து தொடங்குவோம். 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். பக்தியில் உருகாத ஆளில்லை. அந்தக் கதையில் நந்தன் சிதம்பரம் போக ஆசைப்படுகிறான். தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் கோயில் அவனை ஏற்கிறது. ஏழு ஆண்டு கழித்து, 1949-ல், அண்ணா எழுதிய 'நல்லதம்பி' வந்தது. அதில் என்.எஸ். கிருஷ்ணன் கதாகாலட்சேபம் செய்கிறவராக உட்கார்ந்து 'கிந்தனார்' கதையைச் சொன்னார். நந்தனுக்குச் சிதம்பர ஆசை என்றால், கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்கும் ஆசை. தீயில் இறங்கவில்லை, ரயிலில் ஏறினான். படித்து அதிகாரியாக ஊர் திரும்பினான்.

ஒடுக்கப்பட்டவனை வைத்துச் சிரிப்பு மூட்டிய காட்சிதான் அதுவும். ஆனால் அந்தச் சிரிப்பில் கிந்தன் அடிபடவில்லை. அவனைப் படிக்கவிடாத ஊர்தான் அடிபட்டது. எங்கள் தாத்தா ஒருவர், எழுத்தறியாதவர், இந்தக் கதையை வரிசை மாறாமல் சொல்வார். சொல்லி முடித்ததும், "போடி ரயிலுல நீயும் ஏறணும்டா" என்பார். அந்த மதுரை-போடி ரயில் 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றது. 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்பி வந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்னும் ரயில் வரவில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டார்கள்.

அடுத்து நாகேஷ். ஜீப்பில் இருந்த பெரியம்மாவுக்குப் பிடித்த படம் 'எதிர்நீச்சல்' (1968). மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் அனாதை மாது, அந்த வளவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் தருகிற சாப்பாட்டில் பிழைத்து, கல்லூரிக்கும் போகிறான். பெரியம்மா சொன்னார்: "அவன் தட்டத் தூக்கிட்டு நிக்கிறப்ப எல்லாரும் சிரிப்பாக. எனக்கு எங்கய்யா சட்டியத் தூக்கிட்டு ஊருக்குள்ள போய் நின்னது நெனப்பு வரும்." பாலசந்தர் மாதுவை எந்தச் சாதியாகவும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரே காட்சிக்கு ஒரு கண்ணில் சிரிப்பும் இன்னொரு கண்ணில் வேறொன்றும் வரும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டோம்.

இப்போது எங்கள் தலைமுறைக்கு வருவோம். 1989-ல் 'கரகாட்டக்காரன்' வந்தபோது தேனி மாவட்டம் பிறக்கவில்லை. நாம் மதுரை மாவட்டம். இயக்கியவர் கங்கை அமரன், இசை இளையராஜா. இருவரும் பண்ணைப்புரத்துக்காரர்கள், நம் மண்ணின் பிள்ளைகள். மதுரையில் ஓராண்டுக்கும் மேல் ஓடிய படம். வாழைப்பழக் காட்சி தெரியாத தமிழர் இல்லை. சின்னமனூர் வாழைத்தோப்பில் தார் வெட்டுகிறவர்கள் முதல் உழவர் சந்தையில் சீப்புப் போடுகிறவர்கள் வரை, இன்னொரு பழம் எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. கரகம், மேளம், அதைச் செய்யும் எளிய மக்கள் ஆகியோரைக் கதையின் நடுவில் வைத்த படம் என்பதால் எங்களுக்கு அதன்மேல் கூடுதல் சொந்தம்.

அந்த வருடம் பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே வகுப்பில் இருந்தோம். படம் வந்த மாதத்திலேயே ஐந்து பேருக்கும் பட்டப்பெயர் வந்துவிட்டது. கறுத்துக் குண்டாக இருந்தவனுக்குச் செந்தில். மற்றவர்களுக்குக் கவுண்டமணி திட்டும் வார்த்தைகள் ஆளுக்கு ஒன்று. பிள்ளைகள் சொன்னதோடு நிற்கவில்லை. ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவேட்டையே அந்தப் பெயர்களை வைத்துத்தான் கூப்பிட்டார். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சிரிக்காவிட்டால், "கோபத்தைப் பாரு" என்று இன்னொரு சிரிப்பு வரும். வகுப்பில் வேறு கறுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள், வேறு குண்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெயர் எங்கள் தெருவுக்கு மட்டும்தான் வந்தது. 'செந்தில்' எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். கேட்டதற்கு ஏலத்தோட்டத்தில் கூலி நல்லா இருக்கு என்றான்.

ஜீப் ஓட்டுநர் அவர்தான்.

அந்தப் பெண் இறங்கிப் போன பிறகு அவரிடம் கேட்டோம். "உன்னையப் படிக்க விடாமப் பண்ணுன காமெடி, அதையே தெனமும் போடுறியே?" அவர் சொன்ன பதில் இது: "செந்தில் என்னப்பா பண்ணாரு? நல்லாப் பாரு. அவர் அடி வாங்குவாரு, ஒத வாங்குவாரு. ஆனா ஒருக்காவாச்சும் தோத்துருக்காரா? கவுண்டமணிதான் பதில் சொல்ல முடியாமக் கத்துவாரு. எனக்கு அது புடிக்கும்."

தமிழ் முதுகலை படித்த எங்களுக்கு இது தோன்றவில்லை. வாழைப்பழக் காட்சியை மறுபடி பார்த்தோம். அவர் சொல்வது உண்மை. பழத்தைத் தின்றுவிட்டு வந்தவன் ஒரு அடி நகரவில்லை. வேலை ஏவியவர்தான் தலையில் அடித்துக்கொள்கிறார். 'சபாபதி' (1941) படத்தில் காளி என். ரத்தினம் நடித்த வேலைக்காரச் சபாபதியும் இதே ரகம். முதலாளி சொன்னதைச் சொன்னபடியே செய்து முதலாளியை முட்டாளாக்குவான். அடிமட்டத்தில் இருப்பவனின் பழைய ஆயுதம் அது.

ஆகவே ஒரே காமெடி அந்தப் பெண்ணுக்குக் காயம், இவருக்கு ஆறுதல். யார் சரி? இரண்டு பேரும் சரி என்றுதான் சொல்வோம். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. திரையில் செந்திலுக்கு மறுவார்த்தை இருந்தது. வகுப்பறையில் அந்தச் சிறுவனுக்கு இருந்ததா? கல்லூரியில் இந்தப் பெண்ணுக்கு இருக்கிறதா? திரையிலிருந்து வசையை மட்டும் பிய்த்து எடுத்து, பதில் சொல்ல முடியாத ஒருவர் மேல் ஒட்டும்போது அதன் பெயர் காமெடி அல்ல. அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் போல ஆடிப் பாடிச் சிரிப்பு மூட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மிகவும் கூட்டம் சேர்த்த மேடை அதுதான். பார்த்தவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு. அந்த உருவத்தைத் தெருவில் சுமந்தவர்களுக்கு அப்படி இல்லை.

'கரகாட்டக்காரன்' வந்த அதே 1989-ல்தான் நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் அதன்படி குற்றம். ஆனால் சினிமாப் பட்டப்பெயர் சாதிப் பெயர் இல்லையே என்று தப்பித்துக்கொள்கிறார்கள். சில நேரம் சாதிப் பெயரே சிரிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. 'சண்டாளன்' என்று எத்தனை படத்தில் கேட்டிருக்கிறோம்! அது பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதை நகைச்சுவையிலும் அரசியல் மேடையிலும் வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் 2024-ல் சொல்லவேண்டி வந்தது. நாமே எத்தனை முறை அந்தச் சொல்லைத் தெரியாமல் சொல்லியிருக்கிறோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

அப்படியானால் பழைய படங்களை எல்லாம் ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். கலை தானும் மாறிக்கொண்டுதான் வருகிறது. 'தேவர் மகன்' (1992) படத்தில் பெரிய வீட்டுக்கு விசுவாசமாக இருந்து, கோயில் பூட்டைத் திறந்ததற்காகக் கையை இழந்தவர் இசக்கி. நடித்தவர் வடிவேலு. 2006-ல் அதே வடிவேலு 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில், சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறக்கும் மன்னராக வந்து சாதியைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தார். 2023-ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில், எம்.எல்.ஏ. ஆன பிறகும் நாற்காலியில் உட்கார முடியாதவராக நடித்தார். இசக்கிதான் மாமன்னன் என்று இயக்குநரே மேடையில் சொன்னார். அந்தப் படத்தில் வடிவேலு சிரிக்க வைக்கவில்லை என்று எங்கள் தெருவில் சிலருக்கு வருத்தம். அவர்களுக்குக் 'கைப்புள்ள'தான் வேண்டும். அதுவும் அவரவர் ருசி.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஆசிரியர்களே, பிள்ளைகளை அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வகுப்பில் பட்டப்பெயர் கேட்டால் சேர்ந்து சிரிக்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். கல்லூரி விழாவிலும் திருவிழா மேடையிலும் காமெடி நடத்தும் இளைஞர்களே, யாருடைய நிறத்தையும் தெருவையும் வைத்துச் சிரிப்பு வாங்காதீர்கள். அது இல்லாமல் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்தான் கலைவாணர். நம் தெருப் படிப்பகங்களில் இந்த ஏப்ரல் 14-க்கு ஒரு மாலை 'நல்லதம்பி' போடுங்கள், கிந்தனைப் பிள்ளைகள் பார்க்கட்டும். மாணவர்களே, ஒரு காமெடி பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகப் பிடித்தவர்களோடு சண்டை போடவும் வேண்டாம். ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், போதும். அந்தப் பெண் சொன்னாள். ஒரு ஜீப்பே கேட்டது.

மறுநாள் அதே ஜீப்பில் அவள் ஏறியபோது ஓட்டுநர் செல்போனை அவள் கையிலேயே கொடுத்திருக்கிறார். "நீயே போடு தாயி." அவள் போட்டது 'காதலிக்க நேரமில்லை'. பேய்க்கதை முடியும்போது ஜீப்பு கம்பம்மெட்டைத் தாண்டிவிட்டதாம். பெரியம்மா மட்டும் இன்னொருக்கா போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.