பாட்டும் பாடம்தான்!

ஐந்தாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை. கடைசி மணி.

சுவரில் கால அட்டவணை ஒட்டியிருக்கிறது. அந்த மணிக்கு நேராக "சித்திரம்" என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் காலையில் இருந்தே அதற்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு பையன் புதுக் கலர் பென்சில் பெட்டியோடு வந்திருக்கிறான்.

மணி அடிக்கிறது. ஆசிரியர் உள்ளே வருகிறார்.

"எல்லோரும் கணக்கு நோட்டை எடுங்கள். திங்கட்கிழமை பரீட்சை!" என்கிறார்.

பென்சில் பெட்டி மறுபடியும் பைக்குள் போய்விடுகிறது.

இது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் கதை அல்ல. பல ஊர்களிலும் நடப்பதுதான். இதற்காக ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. "என் பிள்ளை எத்தனை மார்க் வாங்கினான்?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். "என் பிள்ளை என்ன படம் வரைந்தான்?" என்று கேட்பவர் எத்தனை பேர்? யாரும் கேட்காத பாடம், தானாகவே காணாமல் போகிறது.

சித்திரம், பாட்டு, உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகிய பாடங்களைப் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த வகுப்புகளில் பிள்ளைகள் உண்மையில் என்ன கற்கிறார்கள்?

கோலத்தில் கணக்கு

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலே 6, 5, 4. கீழேயும் 6, 5, 4. மொத்தம் எத்தனை? 37!

இதை வாயால் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறந்துவிடும். கையால் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் மறக்காது. இடப் பக்கம் வளைந்த கோடு வலப் பக்கமும் அதேபோல் வளைய வேண்டும். ஒரு புள்ளி தவறினால் கோலமே கெட்டுவிடும். கூட்டல், சமம், பாதி, கால் ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றன.

மரத்தைப் பார்த்து வரையும் பிள்ளை, அதுவரை சரியாகப் பார்க்காத மரத்தை அன்றுதான் பார்க்கிறது. அடிமரம் எவ்வளவு உயரம், கிளை எங்கே பிரிகிறது என்று கவனிக்கிறது. பென்சில் பிடித்துப் பழகிய விரல், எழுத்தையும் திருத்தமாக எழுதும்.

தாளத்தில் வாய்ப்பாடு

பாட்டு வகுப்பில் ஆதி தாளம் போடக் கற்றுக் கொடுக்கிறார்கள். முதலில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அது 4. அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. அது 2. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. அது 2. ஆக மொத்தம் 8.

ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்து பாடினால் 16. நான்கு எழுத்து பாடினால் 32. எட்டாம் வாய்ப்பாட்டைக் கையில் தட்டியே கற்றுவிடலாம்!

இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டமாகப் பாடும்போது தன் குரலை மட்டும் உயர்த்தக் கூடாது. பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டுப் பாட வேண்டும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லாவிட்டால் பாட்டில் உடனே தெரிந்துவிடும்.

ஆட்டத்தில் ஒழுங்கு

கபடியில் பக்கத்துக்கு 7 பேர். தொடப்பட்டவன் வெளியே போக வேண்டும். அவன் பணக்கார வீட்டுப் பிள்ளையா, ஏழை வீட்டுப் பிள்ளையா என்று சட்டம் பார்ப்பது இல்லை. தோற்றவன் அழாமல் கை குலுக்க வேண்டும். இதை எந்தப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியும்?

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாகத் தினமும் 60 நிமிடமாவது நல்ல உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆண் பிள்ளை தெருவில் ஓடி ஆடிவிடுகிறான். பல பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மைதானத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த ஒரு மணியையும் பறித்தால் அவள் எங்கே ஓடுவாள்?

ஊசியும் நூலும்

சட்டைப் பொத்தான் அறுந்தால் தைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். இது பெண்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. ஜப்பானில் தொடக்கப் பள்ளியின் 5, 6-ம் வகுப்புகளில் பையன்களும் பெண்களும் ஒன்றாகச் சமையல், தையல் கற்கிறார்கள். பின்லாந்து நாட்டில் 1866-ம் ஆண்டிலேயே கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாகச் சேர்த்தார்கள்.

இந்தியாவுக்கும் இது புதிது அல்ல. கைத்தொழிலை நடுவில் வைத்தே கல்வி தர வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ம் ஆண்டு வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் வற்புறுத்தினார். அந்த முறையில் நடந்த ஆதாரப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ம் ஆண்டு இயற்றப்பட்டது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், நூலகம் வேண்டும், விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று அது சொல்கிறது.

6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதி நேர ஆசிரியர்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. அதன்படி 2012-ம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுடைய சம்பளம் மாதம் 5,000 ரூபாய்.

ஆனால், 1 முதல் 5-ம் வகுப்பு வரை இப்படித் தனி ஆசிரியர் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. தமிழும் கணக்கும் பாட்டும் சித்திரமும் அந்த இருவர் தலையில்தான்! விரல் வளையும் வயதில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. வளைந்து முடிந்த பிறகு ஆள் வருகிறார்!

பக்கத்தில் உள்ள நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு பாட்டு ஆசிரியர், ஒரு சித்திர ஆசிரியர் என்று நியமிக்கலாம். வாரம் ஒரு நாள் ஒரு பள்ளிக்குப் போனால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை விழா நடத்திப் பரிசு கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஆண்டு முழுவதும் வகுப்பு நடந்தால்தான், மேடை ஏறாத பிள்ளைக்கும் கலை போய்ச் சேரும்.

"எழுத்தே தெரியவில்லையே!"

"பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை. பாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கவலை. கொரோனாவால் 2020, 2021-ம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் படித்ததை மறந்தார்கள்.

அதைச் சரி செய்யத் தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அதில் எழுத்தை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? பாட்டாலும் கதையாலும் பொம்மலாட்டத்தாலும்தான்! பாட்டு, படிப்புக்குப் பகை அல்ல. படிப்புக்கு அதுவே ஏணி.

பெற்றோர்களே!

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இது சட்டம். பெரிய படிப்பு படித்திருக்க வேண்டும் என்பது இல்லை. கையெழுத்துப் போட நேற்றுக் கற்ற தாயும் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, "சித்திர வகுப்பு நடக்கிறதா?" என்று கேட்கலாம்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்று மாலை பிள்ளை பையை இறக்கி வைத்ததும், மார்க்கைப் பிறகு கேளுங்கள். "இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கே, பாடு பார்க்கலாம்!" என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளை பாடினால் கேட்டு மகிழுங்கள். "பாட்டு வகுப்பே இல்லை" என்று சொன்னால், அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்.