45 நிமிடம் மிச்சம்... யாருக்கு? தஞ்சை நான்கு வழிச்சாலை எழுப்பும் கேள்வி

சென்னையில் வேலை, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம் என்றால், பொங்கல், தீபாவளி சமயத்தில் இந்த ரோட்டில் சிக்கித் தவித்த அனுபவம் கட்டாயம் இருக்கும். விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி என ஊர் ஊராக நுழைந்து தஞ்சாவூர் போகும் பழைய வழி. ‘பொன்னியின் செல்வன்’ கதையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீராணம் ஏரிக்கரையும் இந்த வட்டாரம்தான்.

என்ன மாறியிருக்கிறது?

தேசிய நெடுஞ்சாலை 36-ல் வரும் இந்த வழியை நான்கு வழிச்சாலையாக்கும் பணி 3 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான 50 கி.மீ. பகுதியை 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். செலவு 2,350 கோடி ரூபாய்க்கும் மேல். கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு பாலம், 7 மேம்பாலங்கள். பயண நேரம் 45 நிமிடம் குறையும் என்கிறது அரசு.

இந்தச் சாலை தேவையா? நிச்சயம் தேவை. ஆனால், அந்த 45 நிமிடம் கடந்து போகிறவரின் கணக்கு. குறுக்கே போகிறவரின் கணக்கு வேறு.

குறுக்கே போகிறவர் யார்?

வீடு ஒருபுறம், வயல் மறுபுறம் இருக்கும் விவசாயி. எதிர்ப்பக்கப் பள்ளிக்கு சைக்கிளில் போகும் மாணவி. ராத்திரி ஊருக்குள் போகாத பஸ், பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகும் பயணி. இவர்களுக்கு நடுவே இப்போது சென்டர் மீடியன். சுரங்கப்பாதை ஒரு கி.மீ. தள்ளி இருந்தால் போக, வர, தினமும் சுற்றுதான். அதனால்தான் டூவீலர் எதிர்த்திசையில் வருகிறது. ‘அறிவில்லையா?’ என்று காருக்குள்ளிருந்து திட்டுகிறோம். அது வெறும் ஒழுங்கீனம் இல்லை. சாலை வடிவமைப்பில் விட்டுப்போன வழியும்கூட.

என்ன செய்யலாம்?

சர்வீஸ் ரோடு பாதியில் முடியாமல் தொடர வேண்டும். சுரங்கப்பாதையில் விளக்கு எரிய வேண்டும், மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது. பஸ் நிறுத்தம் அதை ஒட்டியே இருக்க வேண்டும். சாலை திறந்தபிறகும் ஆய்வு தொடர வேண்டும். எங்கே மீடியனை உடைக்கிறார்கள், எங்கே எதிர்த்திசையில் வருகிறார்கள் என்று குறித்தாலே போதும். அடுத்த சுரங்கப்பாதையை எங்கே கட்டுவது என்பதற்கான வரைபடம் கிடைத்துவிடும்.

அபராதம் போடுவதற்கு முன், அந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம்.