வேலி போட்டது யாரு?

"காட்டுக் குதிரை அது பாட்டுக்கு சுதந்திரமா திரியுது, அதோட நலனைப் போய் என்னத்தை அளக்கறது?" இப்படிக் கேக்கற நண்பர்கள் நிறைய. ஆணி கம்மியா இருக்கறதால இன்னிக்கு இதைப் பத்தி ஒரு பதிவு. பொறுத்துக்குங்க மக்களே :)

நெதர்லாந்துல ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன்னு ஒரு இடம் (பேரை மூணு தடவை சொல்லிப் பாத்துக்குங்க). 1968-ல தண்ணியை வடிச்சு எடுத்த நிலம், சுமார் 5,600 ஹெக்டேர். 1980-களில் கொனிக்ங்கற குட்டையான குதிரைகளைக் கொண்டாந்து விட்டாங்க. ஹெக் மாடு, சிவப்பு மான் எல்லாம் கூட உண்டு. மனுசன் தலையிடாம இயற்கையே பாத்துக்கட்டும்ங்கறது திட்டம். நல்ல யோசனைதான். ஆனா சுத்தி வேலி! புல்லு தீந்தா வேற இடம் போக வழியில்லை. வேற காட்டோட இணைக்க நினைச்ச பாதையும் பாதியிலயே கைவிடப்பட்டது.

2017-18 குளிர்காலத்துல, 5,000-க்கு மேல இருந்த மிருகங்கள்ல 3,000-க்கு மேல செத்துப்போச்சு. பெரும்பாலானதை 'இனி பிழைக்காது'ன்னு முடிவு பண்ணி வனத்துறை ஆளுங்களே சுட்டாங்க. கோபப்பட்ட ஜனங்க வேலிக்கு மேல வைக்கோலைத் தூக்கிப் போட்டாங்க.

குதிரை மெலிஞ்சிருக்கான்னு பாக்க ஒரு முறை இருக்கு. 1983-ல ஹென்னக் குழு வெளியிட்டது, 1-லிருந்து 9 வரை மதிப்பெண். கழுத்து, விலா, இடுப்பு, வால் அடி எல்லாம் தொட்டுப் பாக்கணும். காட்டுல திரியற குதிரை தொட விடுமா? தூரத்துல இருந்து பாத்தா குளிர்கால ரோமம் விலா எலும்பை மறைச்சிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மதிப்பெண் நேத்தைய கதை. உடம்புல கொழுப்பு கரைஞ்சு எலும்பு தெரியும்போது பசி ஆரம்பிச்சு பல வாரம் ஆகியிருக்கும்.

இன்னொண்ணு, சராசரி. சர்வரோட சராசரி வேகம் சூப்பர்னு சொல்லிட்டு, தொங்கிக்கிட்டு இருக்கற பத்து பேரை மறக்கற மேனேஜரைப் பாத்திருப்பீங்க. மந்தையோட சராசரியும் அப்படித்தான். குட்டிக்குப் பால் கொடுக்கற குதிரை முதல்ல உருகிடும், சராசரியில அது தெரியாது.

ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரியா ஹார்வி குழு 2020-ல வெளியிட்ட பத்துப் படி முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது இதனாலதான். ஒவ்வொரு குதிரையா பாக்கச் சொல்றாங்க. தீனி, சூழல், உடல்நலம், நடத்தை, கடைசியா மனநிலை. தண்ணி எவ்ளோ தூரம், நொண்டுதா, மத்ததோட எப்படிப் பழகுது, இதெல்லாம் கணக்குல வரும்.

அந்த டச்சு இடத்துல 2018-ல ஒரு குழு எண்ணிக்கையை 1,500-க்குள்ள வெச்சுக்கச் சொல்லுச்சு. சரிதான், ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது. அக்டோபர்லயே புல்லையும் குதிரையையும் பாத்து எத்தனை தாங்கும்னு முடிவு பண்ணணும். மார்ச்ல துப்பாக்கியோட போய் மதிப்பெண் போடறது பரிசோதனை இல்லை, பிரேத பரிசோதனை. வைக்கோல் போட்டா போதுமேன்னு சொல்றவங்களுக்கு: அடுத்த வசந்தத்துல குட்டிங்க கூடும், வேலி அதே இடத்துலதான் இருக்கும்.