கடலை இலை மஞ்சள்: டானிக் வாங்கும் முன் ஒரு சோதனை

கேள்வி: வேடசந்தூர் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் செம்மண் காடு, கிணற்றுப் பாசனம். நிலக்கடலை விதைத்து 28 நாள் ஆகிறது. மழைக்குப் பிறகு குருத்து இலைகள் மஞ்சளடிக்கின்றன. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு டானிக் அடித்தாராம், ஒரே வாரத்தில் பச்சையாகிவிட்டது என்கிறார். விலை அதிகம். நகையை அடகு வைத்துச் செய்யும் வெள்ளாமை இது. வாங்கி அடிக்கலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஐந்து நாள் பொறுங்கள். அதற்குள், ஏறக்குறைய செலவே இல்லாமல், உங்கள் செடியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

முதலில் மஞ்சள் எந்த இலையில் என்று பாருங்கள். தழைச்சத்து குறைந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி இடம் மாறுவதில்லை. அடி இலை பச்சையாகவே நிற்க, குருத்து வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். கந்தகம் குறைந்தாலும் இளம் இலைதான் வெளுக்கும், ஆனால் நரம்பும் சேர்ந்தே வெளுக்கும். உங்களுக்கு மஞ்சள் குருத்தில் இருக்கிறது. யூரியா கேட்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி யூரியா போடும் எண்ணம் வந்தால், ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்குள்ள பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யூரியாவைக் கொட்டினால் அந்த வேலை குறைந்துவிடும்.

"செம்மண்ணின் சிவப்பே இரும்புதானே, அதில் எப்படி இரும்புப் பஞ்சம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மண்ணில் இருப்பது துரு. துரு தண்ணீரில் கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. கடலை வேர் கொஞ்சம் அமிலத்தைக் கசியவிட்டு, துருவைக் கரையும் இரும்பாக மாற்றித்தான் எடுத்துக்கொள்கிறது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அந்த அமிலம் வீணாகிவிடும். கரிக்காலிப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் சமவெளியில் சுக்கான் கலந்த காடுகளும் உண்டு. உங்கள் காட்டில் வெள்ளைக் கட்டிகள் கிடந்தால் ஒன்றைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த நுரை, அமிலம் பட்டதும் சுண்ணாம்பிலிருந்து கிளம்பும் கரியமில வாயு.

மண் பரிசோதனைச் சீட்டில் 'பி.எச்.' என்று ஓர் எண் இருக்கும். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 7-க்கும் 8-க்கும் ஒரு படிதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஒரு படி ஏறினால், துருவிலிருந்து கரையும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மழை பெய்து ஈரம் நின்றால் சுண்ணாம்பு மண்ணில் பைகார்பனேட் கூடி, நிலைமை இன்னும் மோசமாகும். காடு காய்ந்ததும் பல நேரம் பச்சை தானாகவே திரும்பும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் டானிக் அடித்த வாரத்தில்தான் அவர் காடும் காய்ந்திருக்கும். பச்சையாக்கியது டானிக்கா, வெயிலா? காடு முழுக்க அடித்துவிட்டவரால் அதைச் சொல்ல முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் அடிக்காத சால் ஒன்றுகூட இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சோதனைக்கு வருவோம். இதுவரை நாம் சொன்னது ஊகம்: 'இது இரும்புக் குறை.' ஊகம் சரியானால், இரும்பு பட்ட இடம் மட்டும் பச்சையாக வேண்டும். கடலை இலையில் நான்கு சிற்றிலைகள், இரண்டு ஜோடியாக இருக்கும். சோதனைக்கென்றே அமைந்த மாதிரி.

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரையுங்கள். காட்டில் அங்கங்கே மஞ்சளடித்த பத்துச் செடிகளில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குருத்து இலையை எடுத்து, ஒரு பக்கத்து இரண்டு சிற்றிலைகளில் அந்தக் கரைசலைப் பஞ்சால் தடவுங்கள். மறு பக்கத்து இரண்டில் வெறும் தண்ணீர். மாலையில் செய்வது நல்லது. ஐந்தாம் நாள் பாருங்கள்.

தடவிய பக்கம் மட்டும் பச்சையானால் இரும்புக் குறைதான். இரண்டு பக்கமும் பச்சையானால் செடி தானாகத் தேறுகிறது; காசு பையிலேயே இருக்கட்டும். இரண்டும் மாறவில்லையென்றால் ஊகம் தவறு. அதுவும் ஒரு லாபம்தான், தவறான மருந்துக்குச் செலவு செய்யாமல் தப்பித்தீர்கள். ஒரு செடியை வேரோடும், கொஞ்சம் மண்ணோடும் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

இரும்பு என்று உறுதியானால் பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளியுங்கள். இரும்பு இலை விட்டு இலை போகாது என்பதால் புதுக் குருத்துக்கு மறுபடி தேவைப்படும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடிக்கலாம். அன்னபேதியை மண்ணில் போட வேண்டாம். சுண்ணாம்பு மண்ணில் அதுவும் துருவாகிவிடும். ஈரம் தேங்காமல் வடிகாலையும் சரிசெய்யுங்கள்.

அப்போதும் காட்டில் மூன்று இடத்தில் நான்கு நான்கு சால் அடிக்காமல் விடுங்கள். அறுவடையின்போது அடித்ததில் பத்துச் செடி, அடிக்காததில் பத்துச் செடி பிடுங்கிக் காயை எடை போட்டு எழுதி வையுங்கள். கோவை வேளாண் கல்லூரிப் பண்ணையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையிலும் இதே முறைதான். ஒரு பாத்திக்குத் தொழுவுரம், இன்னொன்றுக்குத் தழைச்சத்து மட்டும், வேறொன்றுக்கு மூன்று சத்தும் என்று போட்டு வருகிறார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே போடுவதில்லை. அந்த வெறும் பாத்தி இல்லாவிட்டால், மற்றவற்றில் உரம் எவ்வளவு கொடுத்தது, மண் எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: அப்பா அன்னபேதியைக் கரைத்து வைத்தார். இளம் பச்சையாக இருந்த தண்ணீர் காலையில் பழுப்பாகிவிட்டது. ஏன்?

(பிளஸ் ஒன் மாணவி, நிலக்கோட்டை)

பதில்: நல்ல கண் உனக்கு, தங்கச்சி. அன்னபேதியில் உள்ள இரும்பு கரையும் வகை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து துரு வகையாக மாறியதைத்தான் அந்தப் பழுப்பு காட்டுகிறது. ஆணி துருப்பிடிப்பதும் இதே ஜாதி மாற்றம்தான். நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் காரமாக இருப்பதால் இன்னும் வேகமாக நடக்கும். நீயே சோதித்துப் பார்: இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு அன்னபேதி, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாறு. எது முதலில் பழுக்கிறது என்று நேரம் குறித்து வை.

அப்பாவிடமும் இதைச் சொல். பழுத்த கரைசலைத் தெளித்துப் பயன் குறைவு. அன்றாடம் கரைத்து அன்றே அடிக்க வேண்டும். கடையில் வாங்கும்போதும் பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்கச் சொல். பழுப்பு பூத்த கட்டி வேண்டாம்.