எள்ளல் மறுப்பாகாது!

புதியதொரு கருத்தை எதிர்ப்பதற்கு வழிகள் இரண்டு. அதனை ஆய்ந்து, பிழை கண்டு, சான்று காட்டி மறுப்பது ஒன்று. ஆயாமலே நகைத்து ஒதுக்குவது மற்றொன்று. முன்னது அறிஞர்க்குரியது, பின்னது சோம்பர்க்குரியது. ஆயினும் என்ன கொடுமை! பட்டமும் பொறுப்பும் தாங்கிய பெரியோரே பின்னதைக் கைக்கொண்டு, அதற்கு அறிவுடைமை என்று பெயரும் சூட்டி விடுகின்றனர். இஃது ஏதோ இருண்ட காலத்துச் செய்தியன்று, அன்பர்களே! மாந்தன் நிலவில் கால்வைத்த பின்னர், அமெரிக்க நாட்டு மருத்துவ உலகில் நடந்தது.

யூதா போக்மன் (1933–2008) என்பார் ஓர் அறுவை மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். நெடுநாள் கடலில் செல்லும் கப்பல்களுக்கு உதவுமாறு குருதிக்கு மாற்றாகும் நீர்மம் ஒன்றைக் காண்பதே அவருக்கும் பிரெடரிக்கு பெக்கர் என்பாருக்கும் இடப்பட்ட பணி. முயலின் தைராய்டுச் சுரப்பியை உடலினின்று பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதற்குள் அந்நீர்மத்தைப் பாய்ச்சி உயிர்ப்போடு காத்தனர். அதனுள் புற்றின் உயிரணுக்களை இட்டனர். புற்று வளர்ந்தது, கேழ்வரகு மணியளவு வந்ததும் நின்றுவிட்டது. அதே புற்றை எலியின் உடலில் வைத்தபோதோ கட்டுக்கடங்காமல் பெருத்தது! வேறுபாடு யாது? கலத்தில் இருந்த புற்றுக்குள் புதிய குருதிக்குழாய்கள் முளைக்கவில்லை. எலியின் உடலில் முளைத்தன.

இதனைப் பலரும் கண்டிருக்கலாம். ஏன் என்று கேட்டவர் போக்மன். உயிர்வளி குருதிக்குழாயினின்று ஒரு மயிரிழை, இரு மயிரிழை அகலத்திற்குமேல் ஊடுருவிச் செல்லாது. ஆகவே குழாய் எட்டாத புற்று குறுகியே கிடக்கும். அது பெருக வேண்டுமாயின், ஆற்றில் மடை திறந்து தன் வயலுக்கு நீர் திருப்புவான் போல, உடலின் குருதியைத் தன்பால் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்கெனத் தூதுப்பொருள் ஒன்றைப் புற்று வெளியிடுகின்றது; அதனைத் தடுத்தால் மடை அடைபடும்; புற்று பசித்துக் கிடக்கும். இக்கருத்தை 1971ஆம் ஆண்டு நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார்.

விளைந்தது என்ன? நகைப்பு! புற்றைச் சூழ்ந்த சிவப்பு வெறும் அழற்சி என்றனர். சாகும் அணுக்களின் கழிவால் வந்தது என்றனர். கத்தி பிடிப்பவனுக்கு உயிரணுவின் நுட்பம் எங்ஙனம் தெரியும் என்றனர். அவர் பேச எழுந்தால் அவையினர் எழுந்து வெளியேறினர். ஆய்வுக்குப் பொருள் கேட்டு விடுத்த வேண்டுகோள்கள் திரும்பி வந்தன. இத்தனைக்கும் அவர் முகவரியற்றவர் அல்லர். 34ஆம் அகவையிலேயே பாசுட்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவைத் துறைத் தலைவராகவும் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆனவர். அவருக்கே இந்நிலை என்றால், பெயரும் பின்புலமும் இல்லாத இளைஞன் ஒருவன் இதனைச் சொல்லியிருந்தால் அவன் குரல் எங்கே புதைந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்!

போக்மன் வசைக்கு வசை தரவில்லை. ஆய்வால் விடை தந்தார். முயலின் கருவிழிப் படலத்தில் இயல்பாகக் குருதிக்குழாய்கள் இல்லை. அங்கே புற்றின் துணுக்கை வைத்தனர் அவர் குழுவினர். விழியின் ஓரத்திலிருந்து புதிய குழாய்கள் கிளைத்துப் புற்றை நோக்கி வளர்ந்தன! கண்ணால் கண்டும் கருத்தால் ஒப்பாதோர் இருந்தனர். "அத்தூதுப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டுக" என்றனர். நன்று, அது முறையான வினா. அவ்வினாவை முதல்நாளே வினவியிருந்தால் யார் குறை சொல்வர்? வினவியது அறிவு, நகைத்தது செருக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பலாகாது.

பொருளும் கிட்டியது. 1983இல் அரால்டு துவோராக்கு குழுவினர், குருதிக்குழாயைக் கசியச் செய்யும் புரதம் ஒன்றைப் புற்றில் கண்டனர். 1984இல் போக்மனின் உடனாய்வாளர்கள் குழாய் வளர்க்கும் வளர்ச்சித் தூண்டி ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தனர். 1989இல் நாப்போலியோனே பெராரா குழுவினர் குருதிக்குழாய் வளர்ச்சித் தூண்டியைப் பிரித்தெடுத்தனர். துவோராக்கு கண்ட புரதமும் அதுவே எனப் புலனாயிற்று. 1993இல் அத்தூண்டியைக் கட்டிப்போடும் எதிர்ப்புரதம் எலிகளின் புற்றுவளர்ச்சியை ஒடுக்கியது. நகைத்த வாய்கள் அடைத்தன.

அடைத்த வாய்கள் அடைத்தபடியே இருந்தனவா? இல்லை, புகழத் திறந்தன! போக்மனின் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் ஓரெய்லி கண்ட இரு தடைப்பொருள்கள் எலிகளின் புற்றைச் சுருங்கச் செய்தன. 1998 மே திங்களில் நியூயார்க்கு நாளிதழ் ஒன்று அதனை முதற்பக்கத்தில் முழக்கிற்று. ஈராண்டில் புற்றுநோய் ஒழியும் என்று நோபல் பரிசு பெற்ற பெருமகனார் ஒருவர் கூறியதாகவும் எழுதிற்று. அவ்வாறு கூறவில்லை என அவர் பின்னர் மறுத்தார். மருந்து நிறுவனத்தின் பங்குவிலை ஒரே நாளில் நான்கு மடங்கிற்குமேல் ஏறியது. எலிக்குப் புற்று வந்தால் எம்மால் உதவ முடியும் என்ற அளவில் அடக்கமாக நின்றவர் போக்மன் ஒருவரே! அப்பொருள்களை மாந்தரிடம் ஆய்ந்தபோது எலியிற் கண்ட விளைவு கிட்டவில்லை. இதற்கிடையே, சுறாவுக்குப் புற்று வராதென்று பொய் பரப்பிச் சுறாக் குருத்தெலும்புத் தூளை விற்றோர் கொழுத்தனர். சுறாவுக்கும் புற்று வரும் என்பதே உண்மை.

ஆயாது நகைத்தலும் ஆயாது புகழ்தலும் ஒருதாய் மக்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆய்வு என்ன சொல்லிற்று? பெராராவின் வழிவந்த எதிர்ப்புரத மருந்து பரவிய பெருங்குடற் புற்றுக்கு 2004இல் ஒப்புதல் பெற்றது. 813 நோயரிடம் நடந்த ஆய்வில், வேதிமருந்து மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 15.6 திங்கள், இதனையும் சேர்த்துப் பெற்றோர்க்கு 20.3 திங்கள். பெற்ற மகளின் திருமணத்தைக் காணக் காத்திருக்கும் தந்தைக்கு அந்நாள்கள் சிறியன அல்ல. ஆயினும் அது நோயை ஒழித்தலும் அன்று. மார்பகப் புற்றுக்கு 2008இல் தந்த ஒப்புதலை, வாழ்நாளை நீட்டவில்லை என்று கண்டு 2011இல் அமெரிக்க அரசுத்துறை திரும்பப் பெற்றது. மற்றொருபால், முதியோர் விழித்திரையில் கசியும் குழாய்கள் முளைத்துப் பார்வையைப் பறிக்கும் நோய்க்கு, அதே தூண்டியைத் தடுக்கும் மருந்து 2006 முதல் ஒளி காத்து வருகின்றது. தந்ததும் ஆய்வு, பறித்ததும் ஆய்வு. அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை.

"எள்ளப்பட்டோர் எல்லாரும் போக்மன்களோ?" என்று கேட்பாரும் உளர். அல்லர்! புதுக்கருத்துகளுள் பல வீழ்வனவே. எள்ளப்பட்டமை மெய்ம்மைக்குச் சான்றாகாது. வீழ்வது ஆய்வின் கையால் வீழட்டும். நகைப்பின் காலால் மிதிபட வேண்டா என்பதே நம் வழக்கு.

முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் நான். பாடத்தில் இல்லாத வினாவை மாணவன் ஒருவன் கேட்க, விடை தெரியாத வெட்கத்தை நகைப்பால் மறைத்த நாள் எனக்கும் உண்டு. வகுப்பே என்னோடு சேர்ந்து சிரித்தது. அம்மாணவன் பின்னர் வாய் திறக்கவேயில்லை. போக்மனின் வரலாற்றைப் படித்தபோது அம்முகமே என் முன் நின்றது. அவருக்கு நகைப்பைத் தாங்கும் நெஞ்சுரம் இருந்தது. பதின்மூன்று அகவைச் சிறுவனுக்கு அஃது எங்கிருந்து வரும்?

யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் தேர்தலே அறிவென்று வள்ளுவர் நமக்கு வகுத்துச் சென்றார். ஆசிரியர்களே, பெற்றோர்களே, கற்றோர்களே! உங்கள் முன் புதுக்கருத்தொன்று வந்து நின்றால், "சான்று யாது?" என்று கடுமையாகக் கேளுங்கள். கேட்டபின் விடைக்குக் காத்திருங்கள். அதற்குமுன் சிரிக்காதீர்கள்!